ஊரில் ராத்திரி குளிருமா?

குளிர் நாட்டின் சூடில்லாத வெயில் சன்னல் வழியாக நுழைந்து, கூடத்தில் வாய் பிளந்து கிடக்கும் அட்டைப்பெட்டிக்குள் விழுகிறது. கடல் தாண்டி, சொந்த ஊரில் வெள்ளம். என்ன அனுப்புவது என்று லாரி ஓட்டுகிறவரும் அவர் மனைவியும் மச்சினனும் காலையிலிருந்து மல்லுக்கு நிற்கிறார்கள். "பணமா அனுப்பினா பாதிதான் போய்ச் சேரும்," என்கிறான் மச்சினன், ஒட்டும் டேப்பைக் கர்ரென்று இழுத்தபடி. "உன் பெட்டி போறதுக்குள்ள வெள்ளமே வடிஞ்சிடும்டா," என்கிறாள் மனைவி. லாரி ஓட்டுகிறவர் இருவருக்கும் தலையாட்டிவிட்டு, தன் கம்பளிக் கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைக்கிறார். "என்ன அத்தான், நம்ம ஊர்ல யாரு கோட்டு போடுவா?" மச்சினன் சிரிக்கிறான். அவருக்குச் சுருக்கென்கிறது. கோட்டை வெளியே எடுக்கிறார். "நனைஞ்சுபோய் வெறுந்தரையில படுத்திருப்பாங்களே. ராத்திரி குளிராதா?" "குளிரும்," என்கிறாள் மனைவி. "புழுங்கும்," என்கிறான் மச்சினன். சொன்ன வேகத்திலேயே இருவருக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது. ஊருக்குப் போக லீவு கிடைப்பதெல்லாம் கோடையில்தான். ஊர் மழையில் நனைந்து எத்தனை காலம்! ஊரில் இருக்கும் அவர் அக்காவைக் கேட்கலாம் என்றால், நேற்றிலிருந்து அவள் போனுக்கு லைன் போகவில்லை. டேப் இழுக்கும் சத்தமும் நின்றுவிடுகிறது. கோட்டை மார்போடு அணைத்தபடி அவர் கண்ணை மூடி, மழை பெய்த ஓர் ஊர் இரவைத் தன் உடம்பில் தேடுகிறார். முதுகில் ஏறுவதெல்லாம் இந்த ஊர்க் குளிராகவே இருக்கிறது.