நன்றாகக் குலுக்கவும்

"என்னங்க, பாட்டிலைக் குலுக்கிக் கொண்டாங்க!"

அடுப்படியிலேர்ந்து ஜோசபின் மதினி சத்தம் போட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

வராதா பின்னே? என் அண்ணன் தனிஸ்லாஸுக்குக் கை நடுக்க வியாதி. பசுமலைப் பக்கம் ஸ்கூல்ல டிராயிங் வாத்தியாரா இருந்த மனுசன். கோடு கோணுதுன்னு வேலையை விட்டுட்டுத் தல்லாகுளம் வீட்டுக்குள்ளயே முடங்கிட்டாரு. அவரைப் பாக்கலாம்னு மேலூர்லேர்ந்து பஸ் ஏறி வந்தா, இங்க இந்தக் கூத்து.

மதினிக்கு வயித்துப் புண்ணாம். அதுக்கு வெள்ளையா ஒரு மருந்தாம். அதைக் குலுக்குறதுக்குக் கை நடுங்குற ஆளுதான் கிடைச்சாரா? குருவி தலையில பனங்காயை வச்ச கதையால்ல இருக்கு!

அண்ணன் ஃப்ரிட்ஜிலேர்ந்து பாட்டிலை எடுத்து ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சாரு. தோளும் சேந்து ஆடுச்சு.

"குடுண்ணே, நான் குலுக்குறேன்."

"சும்மா இரு ரூத்து, உனக்கு இதெல்லாம் தெரியாது." பாட்டிலைத் தலைகீழாக் கவுத்துக் காமிச்சாரு. உள்ள இருக்கிறது அசையவே இல்ல. "பாத்தியா? வச்சா இறுகிக்கிரும். குலுக்குனா இளகிரும். அப்படித்தான் தயாரிக்கிறாங்களாம், மெடிக்கல்ல சொன்னாங்க. இறுகி நின்னாத்தான் மருந்து அடியில போய் உக்காராது. ஆனா குலுக்காம ஊத்துனா ஒரு சொட்டு இறங்காது."

குலுக்கோ குலுக்குன்னு குலுக்குனாரு. நெத்தியில வேர்வை. அப்புறம் டம்ளர்ல ஊத்துனாரு. பாதி டம்ளர்ல, பாதி தரையில.

மதினி ஒரே மடக்கா விழுங்கிட்டு, "சாயந்தரமும் மறந்துராதீங்க"ன்னு ஒரு அதிகாரம் வேற!

அண்ணன் குளிக்கப் போனதும் அடுப்படிக்குள்ள புகுந்துட்டேன்.

"ஏன் மதினி, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் ஈவு இரக்கம் இருக்கா? உங்க கைக்கு என்ன கேடு?"

"மெதுவாப் பேசு, அவருக்குக் கேட்டுறப் போகுது."

"கேக்கட்டும்! சாயந்தரம் நான் குலுக்குறேன், குடுங்க இப்படி."

பாட்டிலைப் பிடுங்குனேன். அவங்க விடல. இழுத்த இழுப்புல மூடி தெறிச்சு என் கையெல்லாம் வழிஞ்சுது.

மோந்து பாத்தேன். நாக்குல வச்சும் பாத்தேன்.

"மதினி... இது தயிருல்ல?"

அவங்க குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டுக் கதவைச் சாத்துனாங்க.

"எனக்குப் புண்ணு ஆறி எம்புட்டோ நாளாச்சு ரூத்து. மருந்தை நிப்பாட்டுன அன்னிக்கே உங்க அண்ணன் மறுபடியும் ரூமுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டாரு. சோறு தண்ணி இல்ல. 'இந்தக் கை இனி எதுக்கு ஆகும் ஜோசபின்'னு கேட்டாரு. மறுநாளே புண்ணு திரும்பிருச்சுன்னு சொல்லிட்டேன். அதான் பாட்டிலைக் கழுவி, பாலை ஊத்தி அதுலயே உறை ஊத்துறேன். தயிரும் அதே மாதிரிதானே, இறுகி நிக்கும், குலுக்குனா இளகிரும். இந்த வேலைக்காகத்தான் அவரு காலையில எந்திரிக்கிறாரு."

அடப்பாவி, இவங்களையா இம்புட்டு நேரம் கரிச்சுக் கொட்டுனோம்னு ஆயிருச்சு எனக்கு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டே தரையையும் தொடைச்சேன்.

கிளம்புறப்ப அண்ணன் கேட் வரைக்கும் வந்தாரு. மதினி உள்ளதான் இருக்காங்களான்னு திரும்பிப் பாத்துட்டு, என் காதுகிட்டக் குனிஞ்சாரு.

"ரூத்து, ரெண்டு நாளா அவ குடிக்கும்போது மூஞ்சியைச் சுளிக்கிறா. ரொம்பப் புளிச்சிருது போல. உறையைக் கொஞ்சம் கம்மியா ஊத்தச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத."