பாலம் திறந்த நாள்

பாலம் திறப்பு விழா மேடையில் இருளாயியையும் உட்கார வைத்திருந்தார்கள். அவள் புருஷன் வெள்ளைச்சாமியை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. எம்.எல்.ஏ. அவளைக் கைகாட்டிப் பேசினார்.

"இந்தம்மா வீட்டுக்காரர் செத்ததைச் சட்டசபையில சொல்லிச் சொல்லித்தான் மூணு கோடி வாங்கிட்டு வந்தேன். வர்ற தேர்தல்ல ஓட்டுப் போடும்போது இந்தப் பாலத்தை நெனைச்சுப் பாருங்க."

கைதட்டல் ஓய வெகுநேரமானது. "ரெண்டு வார்த்தை நன்றி சொல்லும்மா" என்று இருளாயியிடம் மைக்கைக் கொடுத்தார் எம்.எல்.ஏ.

"அவுக உசுரோட இருக்கையில மூணு தடவை ஒங்க வீட்டு வாசல்ல நின்னு பாலத்துக்கு மனுக் குடுத்தாகளே, அத எந்தச் சபையில சொன்னீக?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தார். "அதான் பாலம் வந்துருச்சுல்ல, பேசாம இரும்மா."

இருளாயி கையை உதறிவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். அவள் வீடு அக்கரையில் இருந்தது. பாலத்து முகப்பில் நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பளவு ஓடிய தண்ணீரில் இறங்கி நடந்தாள்.