மாநாட்டுக்கு வராத விருந்தாளி

"வெளிநாட்டுலேர்ந்து மாநாட்டுக்கு வந்தவங்க என்ன கேப்பாங்க சார்? ப்ளக் எந்த மாதிரி, சிம் கார்டு எங்க கிடைக்கும், அரங்கத்துக்கு எந்த பஸ்ஸு... இந்தம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டாங்க. அத்தோட ஆளைக் காணோம்."

உதவி மேசைப் பெண் பொரிந்து தள்ளினாள். மண்வள மாநாட்டின் இரண்டாம் நாள். வெளிநாட்டு விருந்தினர் நாற்பது பேருக்கும் பயணக் கையேடு எழுதிக் கொடுத்து வழி சொல்வது அவள் வேலை.

எதிரே மாநாட்டுச் செயலாளர். அலுவலகத்தில் அவருக்கு 'ரூல்ஸ்' என்று பெயர்.

"யாரு அவங்க?"

"மண் பரிசோதனைக் கூடத்துல வேலையாம். ஒரு அமர்வுக்கும் வரல. ஆஸ்பத்திரிப் பக்கம்தான் கடைத்தெரு, எனக்குத் தெரியாதா? மாநாட்டைச் சாக்கு வெச்சு விசா வாங்கிட்டு ஊர் சுத்துறாங்க."

"கையேட்டுல ஆறாம் பக்கம் என்ன போட்டிருக்கோம்?"

"மூணு நாளும் கையெழுத்துப் போடணும். இல்லன்னா விசா ஆபீசுக்குத் தகவல் போகும். உடனே திருப்பி அனுப்பிடுவாங்க."

"சரி. நான் பாத்துக்கறேன்."

போன வருஷம், மதியச் சாப்பாட்டோடு நழுவிய பேராசிரியரையே விடாமல் எழுதிப் போட்டவர். அந்தம்மா பாடு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மாலை. எல்லோரும் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டார்கள். அந்த அம்மாவுடையது மட்டும் மேசையிலேயே கிடந்தது. விண்ணப்பத்தில் உள்ளூர்த் தொடர்புக்கென்று கொடுத்திருந்த எண்ணுக்கு அடித்தாள்.

எடுத்தது பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி.

"அவங்க தன் பொண்ணு பக்கத்துல இருக்காங்கம்மா. தீவிர சிகிச்சைப் பிரிவு. இங்க வேலைக்கு வந்த பொண்ணு, விபத்துல அடிபட்டு மூணு வாரமா நினைவில்ல. சாதாரண விசாவுக்கு ரெண்டு மாசம் ஆகும்னுட்டாங்களாம். கிடைச்ச வழியில ஓடி வந்திருக்காங்க. மூணு நாளா அவ கையை விடல."

அவள் போனைக்கூட வைக்காமல் ரூல்ஸ் அறைக்கு ஓடினாள்.

"சார், விசா ஆபீசுக்கு..."

"வராதவங்க பட்டியல் மத்தியானமே போயாச்சு."



"இன்னைக்கே பிளேன் ஏத்திடுவாங்களே சார். தெரியாம நான்தான் கோள் சொல்லிட்டேன். அங்க பொண்ணு உயிருக்குப் போராடிக்கிட்டு கிடக்கு."

"தெரியும். நேத்து சாயந்திரம் போய்ப் பாத்தேன்."



"பாத்துட்டுமா சார் அனுப்பினீங்க?"

அவர் வருகைப் பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

அந்த அம்மாவின் பெயருக்கு நேரே மூன்று நாளும் கையெழுத்து இருந்தது. அவள் எழுதும் கையேட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட அவர் சுழித்துக் காட்டி எழுதும், அதே சாய்ந்த கையெழுத்து.