மிதிக்காமல் மேடேறிய சைக்கிள்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. குரே என்ற துறைமுக ஊரின் மேட்டுத் தெருவில் ஒருத்தி தலைகுனிந்த கதை ஒன்று வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு யாரும் அவளைப் பழிக்கக்கூடாது.

போலீஸ்காரர் கையைக் காட்டியதும் மசுயோ அவசர அவசரமாகப் பெடலை மிதித்தாள். அதுவரை அந்த மேட்டில் அவள் கால் அசையவே இல்லை.

"இறங்குங்கம்மா. ஸ்டாண்டு போடுங்க."

இளைஞர்தான், பேச்சில் மரியாதை இருந்தது. வலது கைப்பிடியில் மாட்டியிருந்த குளிர்கால உறைக்குள் நேராகக் கையை விட்டு, உள்ளே இருந்த விசையை அழுத்தினார். பின்சக்கரம் விர்ரென்று சுழன்றது. பெடல் சும்மா நின்றது.

"மிதிக்கும்போது மட்டும் மோட்டார் கைகொடுத்தா இது சைக்கிள். மிதிக்காமலே ஓடினா மோட்டார் பைக். லைசென்ஸ் இருக்கா? நம்பர் பிளேட்?"

மசுயோ இல்லையென்று தலையாட்டினாள். எதிரே பள்ளிப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தினமும் காலையில் மஞ்சள் கொடி பிடித்து அவர்களைச் சாலை கடக்க வைப்பவளே அவள்தான். அந்தக் கொடி இப்போதும் சைக்கிள் கூடையில் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, கொடி அத்தையைப் போலீஸ் புடிச்சிருச்சு!"

மசுயோ தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"யாரோ போன்ல சொன்னாங்கம்மா. இந்தத் தடவை எச்சரிக்கையோட விடறேன். வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே போங்க. மோட்டாரைக் கழட்டிட்டு வந்து காட்டுங்க."

தள்ளினாள். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் முனகியது. அந்த வலியைப் பார்க்கப் பொறுக்காமல்தான், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவள் கணவர் தோகுஜி, பழைய சைக்கிளில் மோட்டார் பூட்டிக் கொடுத்தார். ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள்.

இப்படிப்பட்ட வண்டி சட்டத்துக்கு ஆகாது என்று டிவியில் சொன்ன அன்று, "கழட்டிடவா?" என்று அவர் மெல்லக் கேட்டதும் உண்டு.

"கல்யாணமான இத்தனை வருஷத்துல நீங்க எனக்குச் செஞ்ச உருப்படியான காரியமே இதுதான். அதையும் புடுங்கிடுவீங்களா?" என்றாள். மனுஷர் அப்புறம் வாய் திறக்கவில்லை. அவள் விசைக்கு மேல் உறையை மாட்டி மூடிவிட்டாள்.

பாதி மேட்டில் பக்கத்து வீட்டு நொசாகி, செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். முந்தாநாள்தான் அவள் கேட்டிருந்தாள், "வெயில் கொளுத்துது, இன்னும் எதுக்குடி கைப்பிடிக்கு உறை?" என்று. மசுயோவுக்குப் பொறி தட்டியது.

"என்னடி, தள்ளிக்கிட்டு வர்றே? பஞ்சரா?"

"நடிக்காதே! உன் ஊறுகாயை எத்தனை வருஷமாத் தின்னிருக்கேன். அந்தப் புள்ளைங்க முன்னாடி என்னைத் திருடி மாதிரி நிக்க வச்சுட்டியே! போலீசுக்குப் போன் போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி செடிக்குத் தண்ணி வேற!"

நொசாகியின் கையிலிருந்து குழாய் நழுவியது. "நானா? மசுயோ... நானா?"

"இனி உன் வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளு."

திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

வீட்டு வாசலில் தோகுஜி ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். ஏன் தள்ளிக்கொண்டு வருகிறாய் என்று கேட்கவில்லை. வண்டியை வாங்கிச் சாய்த்து, மோட்டாரின் முதல் நட்டைத் திருக ஆரம்பித்தார். மசுயோ அழுகையும் ஆத்திரமுமாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கொடி புடிப்பேன்? ஆனா அவளை விடலைங்க. தெருவே கேக்க நல்லாக் கிழிச்சுட்டுத்தான் வந்தேன்."

ஸ்பேனர் நின்றது. "யாரை?"

"நொசாகியைத்தான். வேற யாரு?"

தோகுஜி எழுந்தார். கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"சட்டையை மாத்திக்கிட்டு வர்றேன். கடையில ஒரு இனிப்புப் பெட்டி வாங்கிட்டு, அந்தம்மா வீட்டுக்குப் போய்க் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடலாம்."

"நல்லாருக்கே! அவ வந்து குனியட்டும். நான் எதுக்குக் குனியணும்?"

"நீயில்ல, மசுயோ. நான்தான் குனியணும்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சின்னப் புள்ளைங்க நடக்குற ரோடு. ஏதாவது ஆயிட்டா? உன்கிட்ட மறுபடி சொல்ல எனக்கு வாய் வரல... போன் பண்ணது நான்தான்."

சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயும், அதைக் கேட்கக் காதும் உங்கள் வீட்டில் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும், என் கண்ணுகளா.