கிழங்கில் ஒரு தழும்பு

கிழங்கை எடுத்து மரத்தூளை உதறியபோதுதான் தழும்பைப் பார்த்தேன்.

கட்டைவிரல் நகம் அளவு. விளிம்பு நேராக இருந்தது. பூச்சி அப்படிக் கடிக்காது.

யாரோ துளிரை அடிக்கிழங்கோடு சேர்த்துச் சீவி எடுத்திருக்கிறார்கள். தழும்பு காய்ந்து தடித்திருந்தது. போன வருஷத்து வேலை.

இந்தக் கிழங்கில் பூப்பது வெள்ளை இதழ், ஓரத்தில் நூல் போலச் சிவப்பு. நான் விதையிலிருந்து எடுத்த பிகோனியா. எங்கள் ஊர் பல்லாரட்டில் வேறு யாரிடமும் இல்லை. அதன் விதையைப் போட்டால் வேறு ஏதோ நிறம் வரும். துளிரை வெட்டி நட்டால்தான் அதே பூ.

அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெட்டியில் இருந்த பெயர்ப்பட்டையில் எண் மட்டும், என் மனைவி தெல்மாவின் அவசரக் கிறுக்கலில். என் கை நடுங்கும். பட்டை எழுதுவதெல்லாம் அவள்தான்.

துளிர் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. பிகோனியா சங்கத்தில் என் பழைய சிநேகிதன் நெவில், பியர் வாங்கித் தந்து கேட்டும் கொடுத்ததில்லை.

போன ஆகஸ்டில் கிழங்குகள் முளைவிட்டபோது நான் நெஞ்சு அறுவைக்காக மெல்போர்னில் கிடந்தேன். என் கொட்டகையில் தண்ணீர் ஊற்றியது நெவில்.

அதன் பிறகு அவன் தன் கொட்டகைக்குள் என்னை விட்டதே இல்லை. ஒரு நாள் பூட்டு துருப்பிடித்திருக்கும். ஒரு நாள் மருந்து அடித்திருப்பான்.

சமையலறையில் தெல்மாவிடம் கிழங்கை நீட்டினேன்.

"எலியா இருக்கும்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

எலி கத்தி வைத்துக்கொள்வதில்லை.

கிழங்கைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நெவில் வீட்டுக்கு நடந்தேன். குளிர்காலக் கடைசி, புல்லெல்லாம் உறைபனி. வரும் மார்ச் மலர்க் கண்காட்சியில் என் பூவை அவன் மேசையில் பார்ப்பதற்கு முன்னால் சங்கத்தில் சொல்லிவிட வேண்டும். சிநேகிதம் போனால் போகட்டும்.

நெவில் கொட்டகை வாசலிலேயே மறித்தான்.

"டேய் க்ளெம், உள்ள வராதடா. சொன்னா கேளு."

"வழிய விடுடா, திருட்டுக் கிழவா."

தள்ளிக்கொண்டு போனேன்.

சூடான பலகைமேல் சட்டிகள். முதலில் 'ரீட்டா', மஞ்சள். அவன் மனைவி. அடுத்து 'ஆல்ஃப்', எங்கள் பழைய பொருளாளர். இருவர் சவப்பெட்டிக்கும் நானும் தோள் கொடுத்திருக்கிறேன். உயிரோடு இருப்பவர் பெயரைப் பூவுக்கு வைப்பது எங்கள் சங்கத்தில் வழக்கமில்லை.

மூலையில் சாக்கு மூடிய ஒரு சட்டி.

சாக்கை இழுத்தேன். சின்னக் கிழங்கு. நடுக்குழியில் இளஞ்சிவப்பாய் ஒரு முளை.

பக்கத்தில் குத்தியிருந்த பட்டையைப் பிடுங்கினேன்.

'க்ளெம் ட்ரெகியர்.'

நெவில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீ பொழச்சு வருவேன்னு யாருடா கண்டா?"

பட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். கையெழுத்து அவனுடையது இல்லை.

தெல்மாவின் கை. மற்றப் பட்டைகளைப் போலக் கிறுக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி, அழகாக எழுதியிருந்தாள்.