டூருக்கு எடுத்துப்போக வேண்டியவை

“லெமினேட் பண்ணிட்டா அப்புறம் ஒண்ணும் எழுத முடியாது. நல்லாப் பாத்துக்குங்க அக்கா” என்றான் கடைக்காரன் துஷாந்த்.

நாகலெட்சுமி தாளை வாங்கி மறுபடியும் படித்தாள்.

மேலே மூத்தவள் லோஜினியின் குண்டுக் கையெழுத்தில் தலைப்பு: ‘டூருக்கு எடுத்துப்போக வேண்டியவை.’ அதன் கீழே இருபத்திரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் சரி போட ஒரு சின்னக் கட்டம்.

கட்டம் போடச் சொன்னது நாகலெட்சுமிதான். சாமானைப் பைக்குள் வைத்ததும் மார்க்கரால் சரி போட வேண்டும். போய்வந்த பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். அடுத்த டூருக்கும் அதே லிஸ்ட்.

முதல் டூருக்கு லிஸ்ட் எதுவும் இல்லை. கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். டோர்ச் எடுத்தார்கள், பேட்டரி எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு மாற்று உடுப்பு ஒன்றுகூட இல்லை. யாரோ கொடுத்த தொளதொள சட்டையை இரண்டு நாளும் போட்டுக்கொண்டு திரிந்தாள் சின்னவள் பூரணி.

இரண்டாவது டூருக்கு ஒரு கொப்பித் தாளில் எழுதிவைத்தாள். அது பையோடு நனைந்து கூழாகிப் போனது.

இந்த லிஸ்டை எழுதி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் கணவன் சோலைமலை, போனில் தன் பங்குக்கு “காட்ஸ் கட்டு ஒண்ணு எழுதிக்க, பொழுது போகும்” என்றான். பூரணி கலர் பென்சில் என்றாள். துவாய், கம்பளி, பிஸ்கட், பனடோல், சார்ஜர் எல்லாம் வந்தன. வாசல் கதவில் தொடங்கி அடுப்படி வரை, எந்தச் சாமான் எங்கே இருக்கிறதோ அந்த வரிசையிலேயே எழுதினார்கள். லோஜினி போனில் நேரம் வைத்து அம்மாவை அடுக்கச் சொல்லிப் பார்த்தாள். முதலில் பதினொரு நிமிஷம். மூன்றாம் தடவை ஆறு.

துஷாந்த் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“டூருக்கு எதுக்கு அக்கா பெர்த் சேட்டிபிகேட்டெல்லாம்?”

நாகலெட்சுமி பதில் தேடுவதற்குள், ஐந்து வயதுப் பூரணி மேசை விளிம்பைப் பிடித்து எக்கினாள்.

“நாங்க அக்காவோட ஸ்கூலுக்குத்தானே டூர் போவோம்! ரொம்ப மழ பேஞ்சா போவோம். கோயில் மைக்குல சொல்லுவாங்க. லயத்துல எல்லாரும் வருவாங்க. ஹோல்ல பாய் விரிச்சுப் படுப்போம்.”

துஷாந்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான அவர்களுடைய லயத்துக்கு மேலே இருக்கும் மலையில் இரண்டு வருடமாக வெடிப்பு. மண்சரிவு எச்சரிக்கை வரும் ஒவ்வொரு தடவையும் லயத்துச் சனங்கள் பாடசாலை மண்டபத்துக்குப் போயாக வேண்டும். முதல் தடவை பூரணி பயந்து அழுதபோது, நாகலெட்சுமி வாயில் வந்ததைச் சொன்னாள்: டூர் போகிறோம். அந்தப் பேச்சே நிலைத்துவிட்டது. போன மாதம்கூட, “எப்பம்மா டூர்?” என்று சின்னவள் கேட்டாள்.

லோஜினிக்குப் பதினொரு வயது. அவளும் தங்கைக்கு முன்னால் டூர் என்றுதான் சொல்வாள். அவளுக்கும் அது ஒரு விளையாட்டு என்றே நாகலெட்சுமி நினைத்திருந்தாள்.

“போட்டுறவா அக்கா?” துஷாந்தின் குரல் தணிந்திருந்தது.

“கொஞ்சம் இருங்கண்ணே” என்றாள் பக்கத்தில் நின்ற லோஜினி.

மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள். தாளைத் தன் பக்கம் இழுத்து, கடைசி வரிக்குக் கீழே எழுதினாள். எழுதி முடித்ததும் அம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

‘அம்மா திரும்பிப் போகக் கூடாது.’

நாகலெட்சுமி அதை இரண்டு தடவை படித்தாள்.

போன நவம்பரில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான், பூரணியின் மூச்சிழுப்பு மருந்தை விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு ஷிராணியிடம் விட்டுவிட்டு, கொட்டும் மழையில் லயத்துக்கு ஓடினாள். திரும்பி வர ஒன்றரை மணிநேரம் ஆனது. அவள் இறங்கி வந்த படிக்கட்டை அன்று பின்னேரமே மண் மூடியது.

முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றபோது, லோஜினி துவாயை மட்டும் எடுத்து நீட்டினாள். அந்த ஒன்றரை மணிநேரமும் அவள் எங்கே நின்றாள், என்ன செய்தாள் என்று நாகலெட்சுமி இதுவரை யாரிடமும் விசாரித்ததில்லை.

“வேற எத மறந்தாலும் பரவால்லம்மா” என்றாள் லோஜினி. அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நாகலெட்சுமி அவள் கையிலிருந்த பேனாவை வாங்கினாள்.

பிள்ளையின் ரிப்போட் கார்டில் போடுவதுபோல, அந்த வரிக்குக் கீழே, ஓர் எழுத்தும் விடாமல் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.