கேப்டன் புளூட்டோ குப்பை

"படம் குப்பை," என்றான் கிளென்.

படம் வெளிவர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

புந்தோங் பகுதியில் தௌஃபிக்கின் அத்தா நடத்தும் சாப்பாட்டுக்கடை. நோன்பு மாதம் என்பதால், தௌஃபிக் வாசலில் நின்று கஞ்சியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய பள்ளித் தோழர்கள் கிளென், மார்கஸ், வெண்டி மூவரும் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெண்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீதானடா ரெண்டு வருஷமா இந்தப் படம், இந்தப் படம்னு எங்க உயிர எடுத்த? முதல் நாளுக்கு நான் லீவு வேற போட்டுட்டேன்!"

"டிரெய்லர் பாத்தியா? அவனோட மேலங்கி துணி மாதிரி படபடக்குது. காமிக்ஸ்ல அது பனிக்கட்டிதான்லா! திரும்பினா கண்ணாடி மாதிரி உடையணும். அதோட, விண்வெளில ஏது காத்து?"

"போன பாகத்துலயும் படபடத்துச்சு," என்றான் மார்கஸ். "அப்ப நீ தேம்பித் தேம்பி அழுத."

"அப்ப எனக்கு விவரம் பத்தல."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிதான்லா!"

கேப்டன் புளூட்டோ என்றால் கிளென்னுக்கு உயிர். 'நீயெல்லாம் கிரகமே இல்லை' என்று ஒதுக்கிவைத்த இடத்திலிருந்து கிளம்பி வந்து, ஒதுக்கிய கிரகங்களையே காப்பாற்றும் வீரன். அவன் படத்தைக் கிளென் குப்பை என்பது, பாதிரியார் பூசைக்கு வரமாட்டேன் என்பது போல.

புது சூப்பர்ஹீரோ படம் வந்தால் முதல் நாள் மாலைக் காட்சி. நால்வருக்கும் ஒரே வரிசை. பிறகு இதே கடையில், தே தாரே தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை கிளென்னின் கருத்து. பள்ளிக்காலத்திலிருந்து அதுதான் வழக்கம். கிளென் பேசி முடிக்காமல் அவர்களுக்குப் படம் முடிந்ததாகவே இருக்காது.

"தவக்காலத்துக்குச் சினிமாவ விட்டிருக்கியா? அப்படின்னா சொல்லு, மரியாதையா விட்டுர்றேன்," என்றாள் வெண்டி.

"போன வெள்ளிக்கிழமை கோழியே சாப்பிட்டேன். நான் எதையும் விடல. படம் குப்பை, அவ்வளவுதான்."

"ரெண்டு வீடியோ போட்டதும் பெரிய விமர்சகர் ஆயிட்டாரு!"

மார்கஸ் குறுக்கே வந்தான். "சரி, இவன் வராட்டி என்ன? தௌஃபிக் கடைய விட்டு வரமுடியாது, அவன் அப்புறம் பாத்துக்குவான். நாம ரெண்டு பேரும் போலாம், வெண்டி."

"ஆமா, போய்ட்டு வாங்கடா," என்றான் தௌஃபிக், கஞ்சியைக் கிண்டிக்கொண்டே. "முடிவ மட்டும் சொல்லிராதீங்க."

கிளென் மேசையைத் தட்டினான்.

"போனீங்கன்னா, என் வாயிலருந்து ஒரு வார்த்த வராது. எந்தக் காட்சிய எந்தக் காமிக்ஸ்லருந்து எடுத்தாங்கன்னு நீங்களே தேடிக்குங்க."

மார்கஸ் உடனே அடங்கிப்போனான். தனியாகப் போக வெண்டிக்கு மனமில்லை.

முதல் நாள் வந்தது, போனது. வெண்டி லீவு நாளில் வீட்டுத் திரைச்சீலைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். அவை காற்றில் படபடத்தன. அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு, மூவரும் போகும் மாதா கோயிலில் பூசை முடியும் நேரம். எல்லாரும் கண்மூடி மௌனமாக இருந்தபோது, பின் வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்: "கேப்டன் புளூட்டோ கடைசில என்ன ஆவான்னா..."

கிளென் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, உரத்த குரலில் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டான். பாதிரியாரே திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் வெண்டி பிடித்துக்கொண்டாள். "குப்பைன்னு சொன்னவன் ஏன்டா காதப் பொத்துற?"

"குப்பை காதுல போனா எறும்பு வரும்லா."

"பொய்! நீ கோலாலம்பூர் போய்த் திருட்டுத்தனமா பாத்துட்ட. எங்ககிட்ட வாய் தவறிடும்னு பயம். அதான?"

கிளென் மோட்டார்சைக்கிளை முடுக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

"பாத்தியா? குற்றவாளி!" என்றாள் வெண்டி. மார்கஸ் தலையாட்டினான்.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் தௌஃபிக் வீட்டில் விருந்து. நால்வரும் மூச்சு முட்டச் சாப்பிட்டார்கள். கடைசி ரெண்டாங் இறைச்சித் துண்டை விழுங்கிவிட்டு, கிளென் சாதாரணமாகச் சொன்னான்:

"அந்தக் குப்பை இன்னும் ஒரு தியேட்டர்ல ஓடுதாம். வாங்க, எவ்வளவு குப்பைன்னு பாத்துட்டு வந்துரலாம்."

வெண்டி அவனை முறைத்தாள். ஆனால் காலணியை முதலில் மாட்டியது அவள்தான்.

அரங்கில் பாதி காலி. கேப்டன் புளூட்டோ திரையில் வந்ததும் கிளென் எழுந்து நின்று விசிலடித்தான். மேலங்கி படபடத்தபோதும் விசிலடித்தான். கடைசிச் சண்டையில் அந்த மேலங்கி பனியாக உறைந்து, கண்ணாடி போலச் சிதறியது. கிளென் மார்கஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டான்.

"காமிக்ஸ்ல இருக்கற மாதிரியேடா! அப்படியேடா!"

"விடுடா, மூச்சு முட்டுது!"

விளக்கு எரிந்ததும் வெண்டி எழுந்தாள். "இதுவா குப்பை? முதல் நாளே பாத்திருக்க வேண்டிய படம்! உன்னாலதான் கெட்டுச்சு!"

"டிரெய்லரப் பாத்து ஏமாந்துட்டேன்லா," என்றான் கிளென், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தபடி. அவள் முகத்தைப் பார்க்காமல், திரையில் ஓடிய பெயர்களை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தான்.

வரிசையின் ஓரத்தில், பெருநாள் சட்டையில் பாப்கார்ன் சிதறக் கிடக்க, தௌஃபிக் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"அவனத் திட்டாத, வெண்டி. நல்லவேள, குப்பைன்னான். இல்லாட்டி, நான் இல்லாமயே நீங்க மூணு பேரும் முதல் நாள் போயிருப்பீங்க."